டிராக்டருக்கும் பழைய மோட்டார் காருக்கும் பொத்தான் ஸ்டார்ட்டர் அமைத்தல்

கிராமங்களில் உபயோகத்திலுள்ள டிராக்டர்களில் விரைவில் தேய்ந்து கெடும் உறுப்புகளுள் சாவி ஸ்விச்சும் ஒன்றாகும். புழுதியும் மழைநீரும் அதனுள் இறங்குகின்றன. சில வருஷங்களில், சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, யந்திரம் சுழல்வதில்லை. அப்பொழுது ஸ்விச்சை மாற்றுவதற்குப் பதிலாக, ஓட்டுநர் கீழே இறங்கி, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே குனிந்து நின்று, செல்ப் மோட்டாரின் முனைகளை ஒரு ஸ்குரூ டிரைவரால் சேர்த்துவிடுகிறார். பொறி பறக்கிறது; யந்திரம் ஓடத் தொடங்குகிறது. இவ்வாறு செய்யத் தெரிந்தவரைக் கைதேர்ந்தவர் என்று மெச்சுவதும் உண்டு. உண்மையில், டிராக்டரோடு செய்யப்படும் காரியங்களில் இதனினும் அபாயமானவை மிகச் சிலவே.

அபாயம் எவ்விடத்தில் இருக்கிறதென்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். சாவியைத் திருப்பும்போது, கியர் நியூட்ரலில் உள்ளதா அல்லது கிளட்ச் மிதிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கும் ஒரு காவல் ஸ்விச்சின் வழியாகவே மின்சாரம் செல்லுமாறு தற்காலத்து டிராக்டர்கள் பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்குரூ டிரைவர் அந்தக் காவலைக் கடந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை வண்டியைச் சரிவில் நிறுத்தியவர், அது உருளாதிருக்கும்பொருட்டு முதல் கியரில் விட்டுச் சென்றிருக்கலாம். டீசல் யந்திரத்திற்குத் தீப்பொறி தேவையில்லை. எண்ணெய்ப் பம்ப்பு முற்றிலும் யந்திர விசையால் இயங்கும் டிராக்டர்களில், நிறுத்தும் குமிழ் இழுக்கப்பட்டிராவிடில், சாவி போடாமலே யந்திரம் பற்றிக்கொள்ளும். பற்றிய கணமே வண்டி நகரும். குனிந்து நிற்பவரோ பின் சக்கரத்தின் பாதையில் நிற்கிறார். அவர் விலகுவதற்கு அவகாசம் இல்லை. பிரேக்கை மிதிப்பதற்கு ஆசனத்தில் ஆளும் இல்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு பொத்தானும், ஒரு ரிலேயும், சில கஜம் கம்பியும், இரண்டு பியூஸ்களும் இருந்தால், ஆசனத்தில் அமர்ந்தபடியே யந்திரத்தை ஓட்டத் தொடங்கலாம். பட்டணங்களில் பழைய கார்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு உள்ளவர்கள் இதே பொத்தானை அழகுக்காக அமைத்துக்கொள்ளுகிறார்கள். டிராக்டரில் அஃது அழகுக்கன்று. ஆனால் தவறான முறையில் இணைக்கப்பட்ட பொத்தான், ஸ்குரூ டிரைவர் செய்யும் தீங்கையே சற்று வசதியாகச் செய்துவிடும். ஆகையால் இணைக்கும் முறையையும் அதன் காரணத்தையும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலில் செல்ப் மோட்டாரைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் யந்திரத்தை முன்புறத்துக் கைப்பிடியால் சுற்றியே ஓட்டினர். சில சமயம் யந்திரம் பின்னோக்கி உதைத்துச் சுற்றியவரின் கையை முறித்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்து காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டு வெளிவந்தது. அவர் அதற்கு முன் ஒரு பணப்பெட்டி யந்திரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே பணப்பெட்டியை இயக்கச் சிறு மின்சார மோட்டார் அமைத்திருந்தார். நாள் முழுதும் ஓடவேண்டிய மோட்டாருக்குத்தான் பெரிய உடல் வேண்டும். சில விநாடிகளே உழைக்கவேண்டிய மோட்டாரைச் சிறியதாகவே செய்து, அந்தச் சில விநாடிகளுக்கு அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கலாம் என்பதே அவர் கண்ட வழி. இன்றைய செல்ப் மோட்டாரும் அப்படிப்பட்டதே. ஆகவே அதை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றவிடலாகாது. யந்திரம் பற்றாவிடில் ஒரு நிமிஷமாவது ஆறவிட்டுப் பின்பு முயலவேண்டும். பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பவர்கள் மோட்டாரின் சுருளை எரித்துவிடுகிறார்கள்.

கியரையும் ஸ்டார்ட்டரையும் ஒன்றோடொன்று பிணைப்பது புதிய யோசனையன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் காவென்ட்ரியில் செய்யப்பட்ட பெர்குஸன் டீ.ஈ. 20 என்ற சாம்பல் நிற டிராக்டரில், கியர்த் தண்டையே ஒரு தனி நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும். தண்டு அந்த நிலையில் இருக்கும்போது எந்தக் கியரிலும் இருக்கமுடியாதாகையால், கியரில் உள்ள வண்டியைத் தொடங்குவதென்பதே இல்லை. ஸ்விச்சும் கம்பியும் மிகுந்த பிற்கால வண்டிகளில் இந்தப் பாதுகாப்பு ஒரு சிறு மின்சார ஸ்விச்சை நம்பி நிற்கிறது. அது கெட்டால் மாற்றாமல், இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது எங்கும் காணப்படும் வழக்கம்.

பொத்தான் தாங்கவேண்டிய மின்சாரம் எவ்வளவு?

சிறிய பெட்ரோல் கார் யந்திரத்தைச் சுழற்றும்போது செல்ப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டிராக்டரின் டீசல் யந்திரம் 300 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம். இவ்வளவு மின்சாரத்தைக் கையால் அழுத்தும் சிறு பொத்தான் தாங்காது. ஆகையால்தான் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்னும் உருளை அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் சிறு முனைக்கு மின்சாரம் கொடுத்தால், உள்ளேயுள்ள சுருள் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு முதலில் சிறு பற்சக்கரத்தை ஃப்ளைவீலின் பற்களோடு கோத்து, பின்பு இரண்டு பெரிய போல்ட்டுகளை உட்புறமாக இணைத்து, பாட்டரியை மோட்டாரோடு சேர்க்கும். ஸ்குரூ டிரைவரால் பெரிய போல்ட்டுகள் இரண்டையும் சேர்த்தால், பல் கோக்காமலே மோட்டார் வீணே சுழல்வதும் உண்டு. பாட்டரிப் போல்ட்டையும் சிறு முனையையும் சேர்த்தால்தான் யந்திரம் சுழலும்.

சொலினாய்டுச் சுருளே இழுக்கும் கணத்தில் 30 முதல் 50 ஆம்பியர் வரையும், இழுத்தபின் பிடித்துவைக்கச் சுமார் 10 ஆம்பியரும் கேட்கும். சாவி ஸ்விச்சுகள் சீக்கிரம் கருகிப்போவதற்கு இதுவே முக்கிய காரணம். பொத்தானை நேரே சொலினாய்டோடு இணைத்தால் பொத்தானுக்கும் அக்கதியே நேரும். இடையில் ஒரு ரிலேயை வைத்தால், அதன் சுருள் கேட்பது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

இதன் நன்மையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு முனையில் களிம்பேறி, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தடை 200 ஆம்பியர் செல்லும் பாதையில் இருந்தால் 2 வோல்ட்டு வீணாகும். 12 வோல்ட்டில் 2 போனால் யந்திரம் சோர்ந்தே சுழலும். அதே தடை ரிலேச் சுருளின் கம்பியில் இருந்தால் இழப்பு ஆயிரத்தில் இரண்டு வோல்ட்டுக்கும் குறைவு. ஆகையால் பொத்தான் கம்பியை எத்தனை அடி நீளமாகவும் ஆசனத்தருகே கொண்டுவரலாம். பாட்டரிக் கேபிளையோ ஓர் அடியும் அநாவசியமாக நீட்டலாகாது.

இணைக்கும் முறை

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கலப்பையைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிடவேண்டும். பின்பு பாட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றவேண்டும். வேலை முடிந்தபின் அதையே கடைசியில் பூட்டவேண்டும். மற்ற கேபிளை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டவுடன் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு அப்பொறியால் வெடிக்கக்கூடும்.

பொத்தான் வாங்கும்போது, விட்டவுடன் தானே மீளும் ஜாதியாக வாங்கவேண்டும். ஒருமுறை அழுத்தினால் அழுந்தியே நிற்கும் பொத்தானும் கடையில் அதே தோற்றத்தில் கிடைக்கும். அதைப் பொருத்தினால் யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் செல்ப் மோட்டார் விடாமல் இழுபட்டு அழிந்துபோகும். டிராக்டருக்கு ரப்பர் மூடியுள்ள பொத்தானே தக்கது. கார்களில் உபயோகமாகும் 12 வோல்ட்டு, 40 ஆம்பியர் ரிலே காருக்குப் போதும். பெரிய டிராக்டருக்கு 70 ஆம்பியர் ரிலே நலம்.

ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ் வழியாக ஒரு கம்பியை ரிலேயின் 30-ம் முனைக்குக் கொண்டுவரவேண்டும். பெரிய டிராக்டருக்கு 40 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பாட்டரிக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். ரிலேயின் அருகே வைத்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லாமற்போகும். 87-ம் முனையிலிருந்து சொலினாய்டின் சிறு முனைக்குக் கம்பி செல்லவேண்டும். அம்முனையில் 50 என்றோ, எஸ் என்றோ குறியிருக்கும். இவ்விரண்டு கம்பிகளும் 4 சதுர மில்லிமீட்டர் கனமுள்ளவையாக இருக்கட்டும். சாவி ஸ்விச்சிலிருந்து சொலினாய்டின் சிறு முனைக்கு முன்பே வந்திருந்த கம்பியைக் கழற்றி, நுனியை மூடிக் கட்டிவிடவேண்டும்.

இனிப் பொத்தானின் பாதை. சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் முனை ஒன்று சாவி ஸ்விச்சில் உண்டு; அதற்கு 15 என்றோ ஐ.ஜி. என்றோ குறி. அதிலிருந்து 5 ஆம்பியர் பியூஸ், அதன்பின் பொத்தான், அதன்பின் ரிலேயின் 86 என்று 1 சதுர மில்லிமீட்டர் கம்பியால் வரிசையாக இணைக்கவேண்டும். 85-ம் முனையை நேரே எர்த்தோடு சேர்க்காமல், கியர்க் காவல் ஸ்விச்சின் வழியாகச் சேர்க்கவேண்டும். இப்படி அமைத்தால் சாவி போடப்பட்டு, கியர் நியூட்ரலில் இருந்து, பொத்தானும் அழுத்தப்பட்டால்தான் ரிலே இழுக்கும். மூன்றில் எது குறைந்தாலும் இழுக்காது.

பொத்தானுக்கு மின்சாரத்தைச் சாவி வழியாகக் கொண்டுவராமல் நேரே பாட்டரியிலிருந்து கொடுப்பவர்கள் உண்டு. சாவி ஸ்விச்சு கெட்டதால்தானே பொத்தான் வைக்கிறோம் என்பது அவர்கள் வாதம். கெட்டது பெரும்பாலும் ஸ்விச்சின் ஸ்டார்ட் நிலை மட்டுமே. முதல் நிலை நன்றாகவே இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் புதிய ஸ்விச்சு வாங்குவதே முறை. களத்து மேட்டிலும் வீட்டு வாசலிலும் நிற்கும் டிராக்டரின்மேல் குழந்தைகள் ஏறி விளையாடுவதை யாரும் அறிவர். சாவியின்றி இயங்கும் பொத்தான் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. யந்திரம் பற்றாவிட்டாலுங்கூட, கியரில் உள்ள வண்டியைச் செல்ப் மோட்டார் ஒன்றே சில அடி நகர்த்திவிடும்.

எல்லா முனைகளுக்கும் லக் வைத்து இறுக்கவேண்டும்; கம்பியை முறுக்கி டேப்பு சுற்றுவது டிராக்டரின் அதிர்ச்சிக்கு ஆறு மாதமும் தாங்காது. கம்பிகளை நெளிகுழாயினுள் செலுத்தி, சூடான புகைக்குழாயையும் கிளட்ச் தண்டையும் தொடாதபடி கட்டவேண்டும். வைக்கோற்போரின் அருகே நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளே பாதி வியாதிக்குக் காரணம்; குழாய் இருந்தால் அது பெரும்பாலும் தடைப்படும். பொத்தானை முழங்காலோ சாக்கு மூட்டையோ அழுத்தாத இடத்தில், சிறிது உட்குழிந்த தகட்டில் பொருத்துதல் நலம். ஓடும் யந்திரத்தில் பொத்தான் அழுந்தினால் பற்சக்கரம் ஃப்ளைவீலின் பற்களில் மோதி இரண்டையும் தேய்த்துவிடும்.

கியர்க் காவல் ஸ்விச்சு

டிராக்டரில் முன்பே காவல் ஸ்விச்சு இருந்தால், அதன் கம்பிகள் முறுக்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அப்படியானால் பிரித்துவிட்டு, ஸ்விச்சைச் சோதிக்கவேண்டும். ஸ்விச்சே இல்லாத பழைய வண்டிக்கு, கிளட்ச் மிதியின் கீழே ஒரு தகடு பற்றவைத்து, மிதியை முழுதும் அழுத்தினால் மட்டும் இணையும் ஸ்விச்சைப் பொருத்தலாம். பாதி மிதித்தபோதே இணைந்தால் பயனில்லை. கிளட்ச் விடுபடுமுன்பே ஸ்டார்ட்டர் இயங்கிவிடும். கிளட்ச் ஸ்விச்சு வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தரையில் நின்றபடி கையை நீட்டிப் பொத்தானை அழுத்த முயல்பவருக்கு யந்திரம் இணங்காது. ஏறி உட்கார்ந்தே ஆகவேண்டும்.

இந்த ஸ்விச்சுக்கு ஒரு நாள் கோளாறு நேர்ந்தால் அறுவடைச் சமயத்தில் வேலை நிற்கும் என்பது மெய்யே. அதற்காகவே மாற்று ஸ்விச்சு ஒன்றை வாங்கிக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளவேண்டும். அஃது அற்ப விலைப் பொருள்.

பழைய காருக்கு

1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடர் போன்ற பழைய காரைப் பிரியத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் கிராமங்களிலும் பல. அவற்றிற்கும் மேற்கண்ட முறையே பொருந்தும். ஆயினும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். சாதாரண ரிலேச் சுருளுக்கு எந்தத் திசையும் ஒன்றே. உள்ளே டயோடு வைத்த ரிலேயாயின் அவ்வண்டியில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றி இணைக்கவேண்டும், இல்லாவிடில் பியூஸ் போய்விடும். சில வண்டிகளில் சொலினாய்டு மோட்டாரின்மேல் இராது, பானெட்டினுள் தனியே திருகப்பட்டிருக்கும். இணைப்பு முறை மாறாது.

சாவிக்குப் பதிலாகவே பொத்தான் வைக்கும் தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுட் சில பிரேக் மிதியை மட்டுமே சோதிப்பவை. தானே கியர் மாறும் வண்டிக்கு வேறு காவல் இருப்பதால் அது போதும். கையால் கியர் போடும் காரில் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் வண்டி துள்ளும். மேலும், ஸ்டீரிங் பூட்டு உள்ள கார்களில் சாவிக் கூட்டை அப்புறப்படுத்தினால், ஓடும்போது பூட்டு விழக்கூடும். ஆகையால் சாவியை அதன் இடத்திலேயே விட்டு, ஸ்டார்ட் நிலையின் வேலையை மட்டும் பொத்தானுக்குக் கொடுப்பதே உசிதம்.

சோதனை

இணைப்பு முடிந்தவுடன் யந்திரத்தைச் சுழற்றிப் பார்க்க ஆவல் உண்டாகும். அதற்குமுன் சொலினாய்டின் சிறு முனையிலிருந்து புதிய கம்பியைக் கழற்றி, அதன் நுனிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு 12 வோல்ட்டு சிறு பல்பை இணைக்கவேண்டும். இனிப் பொத்தானை அழுத்தினால் பல்பு எரியுமேயன்றி மோட்டார் சுழலாது. சாவி போட்டு, நியூட்ரலில் வைத்து, அல்லது கிளட்ச் ஸ்விச்சாயின் மிதியை முழுதும் அழுத்தி, பொத்தானை அழுத்தினால் பல்பு எரியவேண்டும். சாவியை எடுத்துவிட்டு அழுத்தினால் எரியலாகாது. ஒவ்வொரு கியராகப் போட்டு, அல்லது மிதியை விட்டு, அழுத்தினாலும் எரியலாகாது. பொத்தானை விட்டவுடன் அணையவேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினாலும் கம்பியை மீண்டும் பூட்டலாகாது. வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களில் ஓட்டுநர் நாளுக்கு ஒருவராக மாறுவதால், அவற்றை மேற்பார்க்கும் சங்க நிர்வாகிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இச்சோதனையைச் செய்விப்பது தகும். கால் மணி நேரத்திற்குமேல் ஆகாது.

பல்புச் சோதனை தேறியபின் கம்பியைப் பூட்டி, பி.டி.ஓ.வை விடுவித்து, முன்னும் பின்னும் ஆளில்லாமல் செய்து, ஆசனத்தில் அமர்ந்து யந்திரத்தைத் தொடங்கலாம்.

பிற்பாடு பொத்தானை அழுத்தியும் யந்திரம் சுழலாவிடில், உடனே ஸ்குரூ டிரைவரைத் தேடலாகாது. காதால் கேட்டே காரணத்தைப் பெரும்பாலும் அறியலாம். ரிலேயில் டிக் என்ற ஒலியும் இல்லையானால் கோளாறு சிறு கம்பிகளின் பக்கம் உள்ளது: 5 ஆம்பியர் பியூஸ், சாவி, காவல் ஸ்விச்சு என்ற வரிசையில் பார்க்கவேண்டும். ரிலே ஒலித்தும் சொலினாய்டு அசையாவிடில் பெரிய பியூஸும் 50-ம் முனையும். சொலினாய்டு படபடவென்று அடித்துக்கொண்டால் பாட்டரி இறங்கியிருக்கிறது அல்லது கேபிள் முனை தளர்ந்திருக்கிறது. ஒரு வோல்ட்டு மீட்டர் இருந்தால் ஐயமே இல்லை. ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட்டு காட்டும், சுழற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியையோ மோட்டாரையோ பார்க்கவேண்டும். பாட்டரியின் எர்த் முனைக்கும் யந்திரத்தின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துச் சுழற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, அது அமரும் இடத்தின் பெயிண்டையும் துருவையும் பளிச்சென்று சுரண்டி மீண்டும் இறுக்கவேண்டும். புதிய பாட்டரி வாங்கியும் குணப்படாத வண்டிகள் பல இந்தச் சுரண்டலில் குணப்பட்டிருக்கின்றன.

அருமையாகச் சில சமயம், ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, பொத்தானை விட்டபின்னும் செல்ப் மோட்டார் நில்லாமல் சுழலும். அப்பொழுது சாவியை எடுத்தும் பயனில்லை. பாட்டரியின் எர்த் கேபிளில் ஒரு மெயின் ஸ்விச்சை ஆசனத்திலிருந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் அதைத் திருப்பி நிறுத்திவிடலாம். வேலையில்லாத மாதங்களில் வண்டியை நிறுத்திவைக்கும்போதும் அதைத் திருப்பிவைத்தால் பாட்டரி வீணே இறங்காது.